விதைக்குச்சியில விட்டதை உரத்துல பிடிக்க முடியுமா? குச்சிக்கிழங்கு, மஞ்சள், சேனை நடவுப்பொருள் பத்தி ஒரு இழை

மேட்டுக்காடு_ராசிபுரம்

வணக்கமுங்க. 2 ஏக்கர் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), எச் 226 ரகம். 3 அடிக்கு 3 அடி, சொட்டுநீர். நட்டு இன்னைக்கு 24 நாள் ஆச்சு. மூணுல ரெண்டு பங்குதான் முளைச்சிருக்கு. முளைச்சதும் ஒரே சீரா இல்லை. சிலது ஒரு சாண் உசரம், சிலது இப்பத்தான் மொட்டு உடையுது. குச்சி ரெண்டு இடத்துல எடுத்தது. ஒண்ணு வெட்டி நாலாம் நாள் நட்டது. இன்னொண்ணு வெட்டி ஒண்ணரை மாசம் களத்துல படுக்கப் போட்டு வெச்சிருந்த கட்டு. சொட்டுல 19:19:19 (தழை, மணி, சாம்பல் மூணும் சமமா இருக்கற கரையும் உரம்) விட்டா பின்தங்கினது மேல வந்துருமுங்களா? இல்ல, அழிச்சுப்போட்டு நடறதா?

கரணைக்கத்தி

உரம் இப்ப வேண்டாமுங்க. சொட்டுல விடற உரம் ஆளைப் பார்த்துப் போகாது. பெரிசுக்கும் சிறுசுக்கும் ஒரே அளவுதான் விழும், அதுல பெரிசுதான் எச்சா இழுக்கும். வித்தியாசம் இன்னும் விரியும். முளைக்காத கரணைக்கு (நட வெட்டின குச்சித் துண்டுக்கு) வேரே இல்லை, அது எதைக் குடிக்கும்?

முதல் மூணு நாலு வாரத்துக்கு மரவள்ளி மண்ணை நம்பி இல்லை. கரணைக்குள்ள இருக்கிற மாவும் ஈரமும்தான் அதுக்குச் சோறு. வேர் பிடிச்சு இலை விரிஞ்ச பிறகுதான் தன் கையால சம்பாதிக்கும். ஒரு செடிக்கு எத்தனை கிழங்குங்கறது முதல் மூணு மாசத்துக்குள்ள முடிவாகிப்போகும். அதுக்கப்புறம் போடற உரம் இருக்கிற கிழங்கைப் பருக்க வைக்குமே தவிர புதுசா எண்ணிக்கையைக் கூட்டாது. அதனாலதான் கரணையில விட்டதை மூட்டையில பிடிக்க முடியறதில்லை.

முதல்ல முளைக்காத இடத்துல ஒரு பத்துக் கரணையைத் தோண்டிப் பாருங்க. ரெண்டு கட்டுல இருந்தும் வர்ற மாதிரி. கையில எடுத்துப் பார்த்தாலே காரணம் தெரியும்:

தோல் சுருங்கி, கத்தியில சீவினா உள்ள பச்சை இல்லாம பழுப்பா, லேசா இருந்தா அது நடும்போதே செத்தது. கட்டுல காய்ஞ்சுபோனது.

அடிமுனை கருத்து, பிசுபிசுன்னு புளிச்ச வாடை வந்தா அழுகல். சொட்டு வாய்க்குக் கீழயே நட்டு தண்ணி எச்சா விட்டிருப்பீங்க, இல்லைன்னா வெட்டும்போது அடிமுனை நசுங்கியிருக்கும்.

கரணை பசுமையா இருக்கு, ஆனா வேர் மண்ணுக்கு மேல இருக்கிற முனையில முண்டு கட்டியிருக்குன்னா தலைகீழா நட்டது. அது முளைக்கும், ஆனா தாமதமா.

தோல் சுரண்டி, மண் பூசின மாதிரி இருந்தா கரையான்.

எது எத்தனைன்னு எண்ணிச் சொல்லுங்க. அதுவரைக்கும் எதையும் வாங்காதீங்க.

தோட்டத்துப்பையன்

அண்ணா, தலைகீழா நட்டதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? வெட்டிக் குவிச்ச பிறகு ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தானே இருக்கு.

கரணைக்கத்தி

ஒண்ணு போல இல்லை தம்பி. ஒரு கரணையை வெயில்ல பிடிச்சுப் பாரு. இலை விழுந்த இடத்துல அரை வட்டமா ஒரு தழும்பு, கொஞ்சம் துருத்திக்கிட்டு இருக்கும். அந்தத் தழும்புக்கு ஒட்டின மாதிரி சின்னதா ஒரு மொட்டு. மொட்டு எப்பவும் தழும்புக்கு மேல்பக்கம்தான் இருக்கும். தழும்பு கீழ, மொட்டு மேலன்னு கண்ணுக்குப் பழகிட்டா இருட்டுல விரலாலயே சொல்லிப்போடலாம். கூலிக்கு நட வர்றவங்களுக்கு இதை ஒரு தடவை காட்டிட்டா போதும். அதைவிட எளிது, வெட்டும்போதே எல்லாக் கரணையையும் ஒரே திசையில அடுக்கி, மேல்முனையைச் சுண்ணாம்புத் தண்ணியில ஒரு விரக்கடை தொட்டு வெச்சுடறது. வெள்ளை மேல இருக்கோணும், அவ்வளவுதான்.

நாற்றுமேடை

மேல கரணைக்கத்தி அண்ணன் சொன்னதோட குச்சி எடுக்கற முறையையும் சேர்த்துக்கறேன். இங்க பாதிப்பேர் தப்பு பண்றது அந்த இடத்துலதான்.

தாய்ச்செடிக்கு 8 முதல் 10 மாசம் ஆகியிருக்கணும். தண்டுல மேல் மூணுல ஒரு பங்கு இளசு, தள்ளிடுங்க. அடியில ஒரு முழங்கை அளவு கட்டை மாதிரி முத்தினது, மொட்டு இடைவெளி எச்சா, அதையும் தள்ளுங்க. நடுத்தண்டுதான் விதை. கனம் 2 முதல் 3 செ.மீ. வெட்டின முகத்தைப் பார்த்தா நடுவுல வெள்ளையா பஞ்சு மாதிரி சோறு தெரியும். அந்தச் சோறு குறுக்களவுல பாதிக்கு மேல இருந்தா இளங்குச்சி. மாவு இருப்பு இல்லை, சீக்கிரம் காயும். பாதிக்குக் கீழ இருந்து, சுத்தி மரம் கெட்டியா இருந்தா நல்ல குச்சி.

அடுத்து பால். கத்தி நுனியால தோலை லேசா கீறுங்க. சில விநாடிக்குள்ள வெள்ளைப் பால் துளிர்த்து நிக்கணும். கீறின இடம் ஈரமா மட்டும் தெரிஞ்சு பால் வரலைன்னா அந்தக் கட்டைத் திருப்பி அனுப்புங்க. விலை பேசறதுக்கு முன்னாடி கட்டுக்கு நாலு குச்சி கீறிப் பார்க்கறதுல யாருக்கும் கோபம் வராது.

கரணை நீளம் 15 செ.மீ, 8 முதல் 10 மொட்டு. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரையும் அதுதான். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 20 செ.மீ சொல்லுது. சொட்டு இருந்தா 15 போதும், மானாவாரிக்கு 20 வைங்க. காய்ச்சலைத் தாங்கணுமே.

உடனே நட முடியலைன்னா குச்சியைப் படுக்கப் போடாதீங்க. மர நிழல்ல செங்குத்தா நிறுத்தி, அடிமுனை ஈர மண்ணுல ஊனின மாதிரி வைக்கணும். வெயில் நேரா படக்கூடாது, காத்து வரணும். வெட்டின புதுசுல இலையோட ரெண்டு வாரம் நிழல்ல நிறுத்தி வெச்ச குச்சி முளைப்பு நல்லாவே இருக்கும். ஆனா களத்துல படுத்த குச்சி ஒண்ணரை மாசம் ஆச்சுன்னா அது கிட்டத்தட்ட விறகுதான்.

ஆத்தூர்_ஆலைப்பக்கம்

சாய்வா வெட்டினா வேர் எச்சா வரும்னு எங்க பக்கம் பெரியவங்க சொல்லுவாங்க. கரும்புக் கரணைக்கும் அதே பேச்சு. சரிங்களா?

கரணைக்கத்தி

குச்சிக்கு நேர் வெட்டுதான் நல்லது. காரணம் எளிது. வெட்டின முகத்தைச் சுத்தி வட்டமா காயத்தை ஆத்தற காப்புத்திசு முண்டு கட்டும், அந்த முண்டுல இருந்துதான் அடிவேர் கிளம்பும். நேரா வெட்டினா வட்டம் முழுசும் ஒரே மட்டம், வேர் எல்லாப் பக்கமும் சமமா இறங்கும். சாய்வா வெட்டினா கூர் பக்கத்துல மட்டும் வேர் கூடும், கிழங்கும் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்கும். பிடுங்கறப்ப உடையறது அதனாலதான். அரிவாளைக் கட்டையில வெச்சு ஓங்கி வெட்டினா ஒரு பக்கம் தோல் பிளந்து நசுங்கிப்போகும், அழுகல் அந்த வழியாத்தான் ஏறும். கையில பிடிச்சு, கூரான கத்தியால சுத்தி ஒரு கீறு போட்டு உடைச்சா முகம் சுத்தமா இருக்கும். இல்லைன்னா சின்னப் பல் ரம்பம்.

நடறதும் செங்குத்தா, 5 செ.மீ ஆழம். படுக்க நட்டா ஒவ்வொரு மொட்டும் ஒரு முளை விடும். குத்து நிறைய, எல்லாமே ஒல்லி.

தோட்டத்துப்பையன்

இவ்வளவு தூரம் போகணுமா? கரணையை நுண்ணூட்டத்துல முக்கி நட்டா எந்தக் குச்சியும் வரும்னு கடையில சொல்றாங்க.

நாற்றுமேடை

கரணை நேர்த்தி நல்ல குச்சியை இன்னும் நல்லதாக்கும். செத்ததை எழுப்பாது தம்பி. அளவு எழுதறேன், தேவைப்படறவங்க எடுத்துக்கங்க. எல்லாம் 10 லிட்டர் தண்ணிக்கு.

அழுகலுக்கு கார்பண்டாசிம் 10 கிராம், 15 நிமிஷம் முக்கி எடுத்து நிழல்ல உலர்த்தறது. மானாவாரிக்கு பொட்டாசியம் குளோரைடு 50 கிராம், சிங்க் சல்பேட் 50 கிராம், பெரஸ் சல்பேட் 50 கிராம், 20 நிமிஷம். உயிர் உரம்னா அசோஸ்பைரில்லம் 300 கிராம், பாஸ்போபாக்டீரியா 300 கிராம், 20 நிமிஷம். பூஞ்சாண மருந்தையும் உயிர் உரத்தையும் ஒரே டிரம்முல கலக்கறவங்க இருக்காங்க. அது காசைக் கரைக்கற வேலை. ஒண்ணு முடிச்சு உலர்த்தின பிறகு, நடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி மத்தது. டிரம் தண்ணி சேறாயிட்டா மாத்திடுங்க.

அதைவிடப் பெரிய நேர்த்தி ஒண்ணு இருக்கு, கடையில கிடைக்காது. தாய்ச்செடிக்குப் போட்ட சாப்பாடு. மணிச்சத்து, சாம்பல்சத்து குறைஞ்ச நிலத்துல வந்த குச்சி பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ள இருப்பு கம்மி. விதைக்குன்னு ஒதுக்கற வரிசைக்கு சாம்பல்சத்தைக் குறைக்காதீங்க.

கரணைக்கத்தி

எல்லாம் சரிங்க, ஆனா மொசைக்கை, அதாவது இலைத் தேமல் நோயைப் பேசாம இந்த இழை முடியக்கூடாது. காய்ஞ்ச குச்சி முளைக்காம போனா கண்ணுக்குத் தெரியும், ஆள் விட்டு நட்டுக்கலாம். மொசைக் வந்த குச்சி நல்லா முளைக்கும், பச்சையா நிக்கும், பிடுங்கும்போதுதான் கிழங்கு விரல் கனத்துல இருக்கும்.

தேமல் ரெண்டு வழியா வருது. ஒண்ணு வெள்ளை ஈ, இன்னொண்ணு நாமளே கட்டுக் கட்டா காசு குடுத்து வாங்கிட்டு வர்றது. எது எந்த வழியில வந்ததுன்னு செடியே சொல்லும். முளைச்சு வர்ற முதல் இலையில இருந்தே மஞ்சள் பச்சைத் திட்டு, இலை ஒரு பக்கம் கோணி, சுருங்கி இருந்தா அது கரணையிலயே வந்தது. அடி இலையெல்லாம் சுத்தமா இருந்து, மேல இலைக்கு மட்டும் தேமல்னா அது பிற்பாடு வெள்ளை ஈ வெச்சது. முதல் வகைதான் மகசூலை எச்சா அடிக்கும், ஏன்னா கிழங்கு எண்ணிக்கை முடிவாகற அந்த முதல் மூணு மாசத்துலயே செடி நோயாளி.

பிடுங்கற நேரத்துல விதைக்குச்சி தேடினா தேமல் தெரியாது. அப்ப பாதி இலை உதிர்ந்திருக்கும், கடும் வெயில்ல அறிகுறியும் மறைஞ்சு நிக்கும். குச்சி எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் நிறத்துல இருக்கும். அதனால 2, 3 மாசப் பயிருல ஒரு தடவை, அப்புறம் 5ஆம் மாசம் ஒரு தடவை வயலைச் சுத்தி, சுத்தமான செடிக்குப் பெயிண்ட் பொட்டு வெச்சுடுங்க. ரெண்டு தடவையும் பொட்டு வாங்கினதுதான் அடுத்த வருஷத்து விதை. முதல் மாசத்துலயே தேமலோட முளைச்சதை யோசிக்காம பிடுங்குங்க. மேல மட்டும் வெட்டி விட்டா மறுபடியும் தேமலோடதான் துளிர்க்கும்.

எச் 226ம் முள்ளுவாடியும் தேமலுக்குச் சீக்கிரம் வளையும். எதிர்ப்பு வேணும்னா ஸ்ரீ ரக்‌ஷா, ஸ்ரீ சக்தி, ஸ்ரீ சுவர்ணா மாதிரி ரகங்களும் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்து ரகங்களும் இருக்கு.

நாற்றுமேடை

நல்ல ரகக் குச்சி பத்தே பத்துதான் கிடைச்சதுன்னாலும் பெருக்கிக்கலாம். சாதாரணமா ஒரு ஏக்கர் குச்சியை வெச்சு அடுத்த வருஷம் 10 ஏக்கர் நடலாம். ரெண்டு மொட்டுள்ள துண்டா வெட்டி நாத்து விட்டா 60 ஏக்கர் வரைக்கும் போகும்னு திருவனந்தபுரத்துல கணக்கு சொல்றாங்க.

முறை இதுதான். 35 சதவீத நிழல்வலை, 5 செ.மீ இடைவெளியில துண்டுகளைப் படுக்க வைக்கணும், மொட்டு பக்கவாட்டைப் பார்க்கணும். ஒரு வாரத்துல முளை வரும். வாரம் ஒரு தடவை தேமல் முளையைப் பார்த்துக் களையணும். வயல்ல ஒரு நோய்ச் செடியைக் கண்டுபிடிக்க அரை ஏக்கர் நடக்கணும், மேடையில உட்கார்ந்த இடத்துல கை எட்டும். மூணு நாலு வாரத்துல 45 செ.மீக்கு 45 செ.மீ வயல்ல மாத்தி நடறது. இது விதைக்குன்னு வளர்க்கற பயிர், குத்துக்கு ஒரே தண்டு விட்டாலும் போதும்.

வலைக்குள்ள ஈரம் எச்சாயிட்டா துண்டு அழுகும். காலையில ஒரு தெளிப்பு, மத்தியானம் மண் மேல்பொருக்கு உலர்ந்தா இன்னொண்ணு. பூவாளி போதும். குழாயைப் பிடிச்சா துண்டு புரண்டுபோகும்.

ஆத்தூர்_ஆலைப்பக்கம்

மாவு ஆலைப் பக்கத்துல இருந்து ஒரு வார்த்தை. கிழங்கு வண்டி வந்தா எடை மட்டும் போட்டு விலை போடறதில்லைங்க, பாயிண்ட் பார்ப்போம். கிழங்கைத் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு எடை பார்த்தா மாவுச்சத்து எவ்வளவுன்னு தெரிஞ்சுபோகும். மாவு கூடின கிழங்கு தண்ணிக்குள்ளயும் கனமா நிக்கும்.

பாயிண்ட் குறையறதுக்கு மழையைத்தான் எல்லாரும் குறை சொல்லுவாங்க. கடைசியில மழை பேஞ்சு புதுத் துளிர் விட்டா கிழங்குல இருக்கிற மாவு மேல ஏறும், அது உண்மை. ஆனா ஒரே வண்டியில ஒரு கூடைக்கும் அடுத்த கூடைக்கும் வித்தியாசம் வருதுன்னா அது மழை இல்லை. ரெண்டு ரகம் கலந்த குச்சி, இல்லைன்னா இருபது நாள் முன்ன பின்ன முளைச்ச வயல். ஒண்ணு முத்தி நாரோடும்போது இன்னொண்ணு இன்னும் தண்ணிக் கிழங்கு. ராசிபுரத்தார் வயல் இப்ப அந்த நிலைமையிலதான் இருக்கு. வெட்டு நாளை நிர்ணயிக்கறப்ப இதை நினைவுல வையுங்க.

இன்னொண்ணு, மாவுப்பூச்சி. இந்தியாவுல 2020ல கேரளத்துத் திருச்சூர்ல முதல்ல கண்டாங்க, அங்கிருந்து நம்ம பக்கம் வந்துச்சு. நுனி குட்டையாகி இலையெல்லாம் முடிச்சாட்டம் கூடி நிக்கும். அதைத் தின்னற அனகைரஸ் லோபெசி குளவியை ஆப்பிரிக்காவுல இருந்து வரவழைச்சு 2022ல ஏத்தாப்பூர்ல விட்டாங்க. குளவி வேலை செய்யுது. அதுக்காக மொட்டு இடுக்குல வெள்ளையா ஒட்டியிருக்கிற குச்சியை மாவட்டம் விட்டு மாவட்டம் ஏத்திட்டுப் போகாதீங்க. ஒரு குச்சியில இருக்கிற நாலு பூச்சி போதும்.

வாய்க்கால்கரை_கொடுமுடி

இழை குச்சியோட நிக்குது, மஞ்சளுக்கு வாங்க. சித்திரை பிறந்தா விதைப் பேச்சு ஆரம்பிச்சுரும். விதைக்கு விரலியா (பக்கத்துல விரலாட்டம் கிளைச்சது), கிழங்கு மஞ்சளா (நடுத் தாய்க்கிழங்கு)? எங்க பக்கம் இன்னும் தீரலை. கிழங்குல நட்டா முளை தடியா வருது, சீக்கிரம் பாத்தியை மூடுது. ஆனா பாதி விதை இருப்புலயே போயிடுது.

கரணைக்கத்தி

ரெண்டு பேரும் சொல்றது உண்மை, அதனாலதான் தீர மாட்டேங்குது. கிழங்கு தாய், உள்ள மாவு எச்சா, அதனால முளை வேகம். ஆனா பருமனா இருக்கறதால உள்ள சூடு பிடிக்கும், அழுகும், எடையும் எச்சா வேணும். விரலி சேமிச்சு வெச்சாலும் கெடாம நிக்கும், ஈர மண்ணைத் தாங்கும், விதை எடை குறையும். சந்தையில கிழங்குக்கு விரலியைவிட விலை குறைவுங்கறதால விதைக்குக் கிழங்கைப் போட்டு விரலியை வித்தா கணக்கு ஒத்துவருதுன்னு நடறவங்க இருக்காங்க, அதுலயும் தப்பு இல்லை. தப்பு எங்கன்னா ரெண்டையும் ஒரே பாத்தியில கலந்து நடறது. கிழங்கு முளைச்சு நாலு இலை விடும்போது விரலி அப்பத்தான் எட்டிப் பார்க்கும், அப்புறம் நிழல்லயே கிடக்கும். தனித்தனிப் பாத்தி போடுங்க.

எது நட்டாலும் நுனி மொட்டு தடிச்சு, கண்ணு உப்பி இருக்கோணும். உடைச்சா 'டக்'குனு ஒடிஞ்சு உள்ள ஆரஞ்சு நிறம் பளிச்சுனு தெரியணும். வளையற மஞ்சள், உள்ள சாம்பல் வட்டம் ஓடின மஞ்சள் வேண்டாம்.

நாற்றுமேடை

இருப்பு வைக்கற முறைக்கு: அறுவடை பண்ணி நிழல்ல ஈரம் உலர்த்தி, வேரை நீக்கி, அடிபட்டது, வெட்டுப்பட்டதை எல்லாம் தனியா எடுத்துடுங்க. மான்கோசெப் பூஞ்சாண மருந்து 10 லிட்டருக்கு 30 கிராம், 30 நிமிஷம் முக்கி நிழல்ல உலர்த்தி அடுக்கறது. மர நிழல்ல மேடான இடத்துல குவிச்சு மஞ்சள் தழை மூடி மேல மண் மெழுகற பழக்கம் இருக்கு. அது சரிதான், ஆனா மெழுகும்போது உச்சியில காத்துக்கு வழி விடணும். குழியில வைக்கறவங்க மணலோ மரத்தூளோ இடையில போட்டு, எட்டி இலை ஒரு அடுக்கு வெச்சு, மேல பலகையில ரெண்டு ஓட்டை விடறாங்க.

மாசம் ஒரு தடவை திறந்து பாருங்க. கிழங்கு மேல வெள்ளையா, வட்டமா, அரிசித் தவிட்டை ஒட்டின மாதிரி இருந்தா செதில்பூச்சி. நகத்தால சுரண்டினா பெயர்ந்து வரும், கீழ கிழங்கு சுருங்கியிருக்கும். சாறு முழுக்க உறிஞ்சப்பட்ட கிழங்கு முளைக்காது. அப்படிப்பட்டதைக் குவியலோட விடாம எடுத்து அழிச்சுடுங்க.

கிழங்கு அழுகல் நோய் இருந்த வயலு மஞ்சளை மட்டும் எந்த மருந்துல முக்கியும் விதைக்கு வைக்காதீங்க. மேலே இருக்கற பூஞ்சாணம் சாகும், உள்ள புகுந்தது சாகாது.

தோட்டத்துப்பையன்

குழித்தட்டுல ஒத்தை மொட்டு மஞ்சள் நாத்து விடறாங்களே, அது லாபமா அக்கா? எண்ணிச் சொல்லுங்க.

நாற்றுமேடை

எண்ணலாம். 45 செ.மீக்கு 20 செ.மீ நட்டா ஏக்கருக்குச் சுமார் 45,000 குத்து. ஒரு துண்டு 20 கிராம் வெச்சா 900 கிலோ விதை. 30 கிராம் விரலி வெச்சா 1,350 கிலோ. ஒத்தை மொட்டு, 6 கிராம் துண்டுன்னா 270 கிலோ. விதைச் செலவு கண்ணு முன்னால குறையுது.

ஆனா அந்த 6 கிராமுக்கு இருப்பு கம்மி. நாத்தங்காலுல ஒரு நாள் காய விட்டாலும் அது தாங்காது. துண்டு வெட்டி மருந்துல முக்கி, ரெண்டு நாள் வெட்டு முகம் ஆற விட்டு, மக்கின தென்னை நார்த்தூள் நிரப்பின தட்டுல வைக்கணும். நாத்து 30 முதல் 40 நாள்ல வயலுக்கு. தாமதமானா வேர் தட்டுக்குள்ளயே சுருண்டுபோகும். தட்டு, நார்த்தூள், நிழல்வலை, நடவுக் கூலி எல்லாத்தையும் எழுதிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. விதை விலை ஏறின வருஷம் தெளிவா லாபம், இறங்கின வருஷம் சமம். ரகம் மாத்தறவங்களுக்கு எந்த வருஷமும் லாபம், ஏன்னா விலை கூடின நல்ல விதையை மூணு நாலு மடங்கு பரப்புல நடலாம்.

வாய்க்கால்கரை_கொடுமுடி

தரத்துக்கும் ரகத்துக்கும் உள்ள சம்பந்தத்தையும் சொல்லிப்போடறேன். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு வந்துச்சு. இந்த ஊர் ரகத்துல குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் குடுக்கற பொருள்) 2.5 முதல் 4.5 சதவீதம். கோழிக்கோட்டு நறுமணப் பயிர் நிறுவனத்து பிரதிபா ரகம் 6 சதவீதத்தை ஒட்டிப் போகும். துண்டு பெரிசா வெச்சா மகசூல் கூடும், குர்குமின் கூடாது. அது ரகத்துலயும் மண்ணுலயும் இருக்கு. ரெண்டையும் கலந்த விதையை வாங்கி நட்டா வேகவைக்கற பதமும் ஒத்துவராது, நிறமும் ஒத்துவராது, ஏலத்துல குறைஞ்ச ரக விலைதான் கிடைக்கும்.

கரணைக்கத்தி

சேனையை ரெண்டு வரியில முடிக்கறேன், கேக்கறவங்க இருக்காங்க. 90 செ.மீக்கு 90 செ.மீன்னா ஏக்கருக்கு 5,000 குழி, அரைக் கிலோ துண்டுன்னா 2,500 கிலோ விதை. செலவுல பாதி அங்கேயே போயிரும். வெட்டறதுல ஒரே விதி, கேக் வெட்டற மாதிரி நடுவுல இருந்து வெளியே. நடு மொட்டைச் சுத்தியிருக்கிற வளையத்துல ஒரு துணுக்காவது ஒவ்வொரு துண்டுலயும் இருக்கோணும். குறுக்கா வெட்டினா கீழ்த்துண்டு வெறும் மாவுக்கட்டி, மாசக் கணக்குல மண்ணுக்குள்ள அப்படியே கிடக்கும். வெட்டினதைச் சாணிப்பாலுல டிரைக்கோடெர்மா (நன்மை செய்யற பூஞ்சாணம்) கலந்து முக்கி நிழல்ல உலர்த்தி நடணும். முகம் ஆறாம நட்டா அடித்தண்டு அழுகல் சுலபமா பிடிக்கும். அறுவடை பண்ணின உடனே நடவும் வேண்டாம். சேனைக்கு 45 முதல் 60 நாள் உறக்கம் உண்டு.

அடுத்த வருஷ விதைக்கு மட்டும்னா 100 கிராம் துண்டு, 60க்கு 45 செ.மீ. ஏக்கருக்கு 15,000 துண்டு, 1,500 கிலோ. வர்ற கிழங்கை வெட்டாம முழுசா நடலாம், வெட்டு முகமே இல்லாததால அழுகல் பாதி குறையும்.

தாளவாடி_மலை

சர்க்கரைவள்ளியை யாருமே தொடலையே. கொடி நுனிதான் நல்ல விதை, 20 முதல் 30 செ.மீ, 3 முதல் 5 கணு. வெட்டி இலையோட ஒண்ணு ரெண்டு நாள் நிழல்ல போட்டு நட்டா கணுவுல வேர் முளை விட்டிருக்கும். பழைய வயல்ல அடிக்கொடியை அறுத்து நடறதுதான் கூன்வண்டைக் கூடவே கூட்டிட்டுப் போற வழி. ஏக்கருக்கு 40 சதுர மீட்டர் நாத்தங்கால், 125 முதல் 150 கிராம் உள்ள வண்டு படாத கிழங்கு 40 கிலோ. 45ஆம் நாள் கொடி வெட்டி, 200 சதுர மீட்டர் ரெண்டாம் நாத்தங்காலுல பெருக்கி, அதுல இருந்துதான் வயலுக்கு.

எங்க மலையில உருளை. 40, 50 கிராம் முழு விதை, முளை குட்டையா தடிச்சு பச்சையோடி இருக்கணும். இருட்டுல நீளமா வெளுத்த முளை உடைஞ்சு விழும். எந்த மண்ணு ஒட்டிட்டு வருதுன்னும் பார்க்கணும். முட்டைக்கூடு நூற்புழுவை இந்தியாவுல முதல்ல கண்டதே 1961ல நீலகிரியிலதான். கூடு மண்ணோட வரும், வருஷக்கணக்குல உயிரோட கிடக்கும்.

மேட்டுக்காடு_ராசிபுரம்

தோண்டிப் பார்த்துட்டேனுங்க. பத்துல ஆறு காய்ஞ்சது, ஆறுமே அந்தப் பழைய கட்டு. ரெண்டு தலைகீழ், முண்டு மேல கட்டியிருக்கு. ஒண்ணு கரையான், ஒண்ணு அழுகல். முளைச்சதுல தேமல் இருக்கான்னும் பார்த்தேன், நாலு வரிசைக்கு ஏழு செடி, முதல் இலையிலயே கோணல்.

கரணைக்கத்தி

அழிக்க வேண்டாமுங்க, காலி இடத்தை நிரப்புங்க. ஆனா இந்த வாரத்துக்குள்ள. நடவு முடிஞ்சு 20 நாளுக்குள்ள செய்ய வேண்டியது, ஏற்கனவே தாண்டியாச்சு. இன்னும் தள்ளினா பக்கத்துச் செடி நிழல் மூடிப்போகும்.

இப்ப 15 செ.மீ கரணை நடக்கூடாது, 40 செ.மீ நீளக் குச்சி. இருப்பு எச்சா இருக்கறதால வேகமா எழும்பி மத்ததை எட்டிப்பிடிக்கும். 2 ஏக்கருக்கு 10,000 குத்து, மூணுல ஒரு பங்கு காலின்னா 3,300 குச்சி. நல்ல தண்டுல நடுப்பகுதி ஒரு மீட்டர் தேறும், ரெண்டு குச்சி வரும். 1,650 தண்டு, செடிக்கு ரெண்டு தண்டுன்னா 825 செடி. ஒரே வயல்ல, ஒரே ரகத்துல, எச் 226லயே எடுங்க. எதிர்ப்பு ரகம் கிடைக்குதுன்னு இடையில சொருகாதீங்க, ஆலைக்காரர் சொன்ன கூடைக் கதைதான் ஆகும். ரகம் மாத்தறதை அடுத்த வயலுக்கு வெச்சுக்கங்க.

தலைகீழ்க் கரணையைப் பிடுங்கித் திருப்பி நடாதீங்க, வேர் அறுந்துபோகும். அப்படியே விடுங்க, தாமதமா வரும். 40ஆம் நாள் வாக்குல எதிரெதிர்ப் பக்கமா ரெண்டு முளையை விட்டு மீதியைக் கிள்ளுங்க.

அந்த ஏழு தேமல் செடியையும் இன்னைக்கே எடுத்துப்போடுங்க. மீதி வரிசையையும் சுத்தி வாங்க, நாலு வரிசைக்கு ஏழுன்னா மொத்தத்துல நூறு தாண்டலாம். அதையும் 3,300ல சேர்த்துக்கங்க.

மேட்டுக்காடு_ராசிபுரம்

சரிங்க அண்ணா. சேந்தமங்கலத்துக்குப் பக்கத்துல ஒருத்தர் வயல்ல அடுத்த வாரம் பிடுங்கறாங்க, 9 மாசப் பயிர், எச் 226. நாளைக்குக் காலையில போய்ப் பார்க்கறேன்.

நாற்றுமேடை

போறப்ப ஒரு சின்னக் கத்தி எடுத்துட்டுப் போங்க. கட்டுக் கட்டினதுக்கு அப்புறம் இல்லை, செடி நிக்கும்போதே கீறிப் பாருங்க. மேல் இலை இன்னும் ரெண்டு மூணு ஒட்டியிருக்கும், தேமல் முழுசா தெரியாட்டியும் கொஞ்சமாவது அதுல தெரியலாம்.